ஆபரேஷனுக்கு முன் சொல்ல வேண்டிய தேதி

கேள்வி: பருத்திக்குப் புரோபனோபாஸ் அடித்து நாலு நாள் ஆகிறது. குடலிறக்க ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மயக்கம் கொடுக்கும் டாக்டர், காட்டுக்கு என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்டார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் ஐயா?
- வாசகர், சூலக்கரை

பதில்: நல்ல டாக்டரிடம்தான் போயிருக்கிறீர்கள். எல்லோரும் இதைக் கேட்பதில்லை.

நரம்பு நுனியில் சுரக்கும் அசிடைல்கோலின் தசையைச் சுருங்கச் செய்கிறது. வேலை முடிந்ததும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை வெட்டிவிடும். புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் மருந்துகள் அந்த நொதியை முடக்குகின்றன. புழு துடித்துச் சாவது அதனால்தான். வெறும் உடம்போடு, எதிர்காற்றில் அடிக்கிறவருக்கும் அதே நொதிதான் குறைகிறது.

ஆபரேஷனின்போது மூச்சுக்குழாயில் டியூப் வைக்க, தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசி போடுவதுண்டு. இரண்டு அசிடைல்கோலினை ஒன்றோடொன்று ஒட்டவைத்த அமைப்பு அது. சாயல் ஒன்றாக இருப்பதால் தசை ஏமாந்து ஏற்றுக்கொள்ளும். சற்றுத் துடித்துவிட்டுத் தளர்ந்துபோகும். தசையருகே உள்ள நொதியால் இந்த ஜோடியை வெட்ட முடியாது. கல்லீரல் உண்டாக்கி இரத்தத்தில் விடும் இன்னொரு கோலினெஸ்டரேஸ்தான் வெட்ட வேண்டும். அது சரியாக இருந்தால் 5 முதல் 10 நிமிடத்தில் மூச்சு திரும்பும். பூச்சிமருந்து அதையும் முடக்கியிருந்தால் மணிக்கணக்கில் வெண்டிலேட்டரில் கிடக்க நேரிடலாம். (பிறவியிலேயே இந்த நொதி குறைந்தவர்களும் உண்டு, நம் நாட்டில் ஆரிய வைசிய சமூகத்தில் இது கூடுதலாகக் காணப்படுகிறது.)

முன்பே தெரிந்தால் டாக்டர் வேறு மருந்தை யோசிப்பார். அட்ராகுரியம் என்று ஒன்று உண்டு. பெரிய மூலக்கூறு, தசையைத் தூண்டாமல் வழியை மட்டும் அடைக்கும். உடல் சூட்டிலேயே பெருமளவு தானாக உடைந்துபோகிற அமைப்பு என்பதால், அந்த இரத்த நொதிக்காகக் காத்திருக்காது. எதைப் போடுவது என்பது அவர் முடிவு, என் வேலையல்ல.

கடைப்பெயரைச் சொன்னால் டாக்டருக்குப் புரியாது. டப்பா லேபிளைச் செல்போனில் படம் எடுத்து, கடைசியாக அடித்த தேதியோடு காட்டுங்கள். மாற்று மருந்து 'அட்ரோபின்' என்று லேபிளில் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். இரத்தத்தில் நொதி அளவைச் சோதிக்கலாம்; குறைந்திருந்தால் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். வீட்டிலும் சொல்லிவையுங்கள். அவசர ஆபரேஷன் என்றால் அவர்கள்தான் பேச வேண்டியிருக்கும்.

அதுவரை ஸ்பிரேயரைத் தொடாதீர்கள். காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். தாக்கிய காய் நாலைந்தை உங்கள் வேளாண் அலுவலகத்தில் காட்டிவிட்டு அடுத்த மருந்தை முடிவு செய்யலாம்.