டாக்டர் எம்.எல்.ஏ. ஆனால் தீவுக்கு என்ன லாபம்?

வைப்பின்: "டாக்டரை சட்டசபைக்கு அனுப்பினால் ஆஸ்பத்திரி உருப்படும்" என்று டீக்கடைகளில் பேசிக் கொள்வது வழக்கம். 2022-ம் ஆண்டு திருக்காக்கரை இடைத்தேர்தலில் இருதய நோய் டாக்டர் ஜோ ஜோசப்பை மார்க்சிஸ்ட் கட்சி நிறுத்தியது. காங்கிரஸ் சார்பில் நின்ற உமா தாமஸ் 25 ஆயிரத்து 16 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். டாக்டர் பட்டம் மட்டும் ஓட்டாக மாறிவிடாது என்பது அன்று தெரிந்தது.

ஜெயித்த டாக்டரின் கதை என்ன? அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். வைப்பின் தீவே 10 ஆண்டு காலம் ஒரு டாக்டரை எம்.எல்.ஏ.வாகக் கொண்டிருந்தது. அவர் டாக்டர் எம்.ஏ.குட்டப்பன்.

சர்க்கார் டாக்டராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டுக் காங்கிரஸ் அரசியலில் இறங்கினார். சர்க்கார் சம்பளம் வாங்கிக் கொண்டே சட்டசபையில் உட்கார அரசியல் சட்டத்தின் 191-வது பிரிவு இடம் கொடுக்காது. ரெயில்வே, தபால் குமாஸ்தாக்களுக்கும் இதே கதிதான். சொந்த கிளினிக் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. தோற்றால் மறுநாள் கதவைத் திறந்து கொள்ளலாம். சர்க்கார் டாக்டருக்கோ பென்ஷன் போகும். அவர் நாற்காலிக்கு இன்னொருவர் வரும் வரை ஓ.பி. வரிசையில் நிற்கிற கூலிக்காரன் காத்துக் கிடப்பான். இந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

குட்டப்பன் 1980-ல் வண்டூரிலும், 1987-ல் சேலக்கரையிலும், 1996, 2001 தேர்தல்களில் ஞாறக்கல்லிலும் வென்றார். (ஞாறக்கல் என்பதே இன்றைய வைப்பின் தொகுதிக்கு முன்னோடி.) மூன்றும் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகள்.

2001-ல் ஏ.கே.அந்தோணி மந்திரிசபையில் அவருக்கு இடம் கிடைத்தது. சுகாதாரம் கிடைத்ததா? இல்லை. அது வேறொருவருக்குப் போயிற்று. இவருக்குப் பின்தங்கிய, தாழ்த்தப்பட்ட சமூகத்தார் நலத்துறை. எம்.பி.பி.எஸ். படிப்பைப் பார்க்காமல் பிறப்பைப் பார்த்து இலாகா கொடுத்தார்கள் என்று ஒருவர் சொன்னால், மறுப்பது கஷ்டம். 1957-ல் ஈ.எம்.எஸ். மந்திரிசபை அமைந்தபோது, திருச்சூரில் சுயேச்சையாக வென்ற டாக்டர் ஏ.ஆர்.மேனனுக்கு சுகாதாரமே கொடுக்கப்பட்டது. ஆனால் 2018-ல் நிப்பா காய்ச்சலைச் சமாளித்த சுகாதார மந்திரி கே.கே.சைலஜா, பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர் என்பதையும் மறக்கக் கூடாது.

முத்தங்கா

குட்டப்பனின் இலாகாவுக்கு வந்த வியாதிக்கு மருந்துக் கடையில் மருந்து இல்லை. ஆதிவாசிகள் 2001-ல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் 48 நாள் குடிசை போட்டுப் போராடி, நிலம் தருவதாக சர்க்காரிடம் வாக்குறுதி வாங்கினர். நிலம் வந்து சேரவில்லை. வயநாட்டு முத்தங்கா காட்டில் புகுந்து குடியேறினர். 2003 பிப்ரவரி 19-ந் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆதிவாசி ஒருவரும் போலீஸ்காரர் ஒருவரும் மாண்டனர். போலீசும் காடும் குட்டப்பனின் பொறுப்பில் இல்லை. ஆனாலும் நலத்துறை மந்திரி என்ற பெயர் அவருடையதுதான்.

படகும் பாலமும்

வைப்பினுக்கு வருவோம். சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒட்டிக் கிடக்கும் தீவு. ஜன நெருக்கடி அதிகம். குடிதண்ணீருக்கு நெடுநாள் தட்டுப்பாடு. தென்கோடியில் இருப்பவர் எர்ணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் 2004 வரை படகுதான் கதியாக இருந்தது. நள்ளிரவில் பிரசவ வலி கண்டவளுக்கு எத்தனை கெட்டிக்கார டாக்டர் அக்கரையில் இருந்து என்ன பயன்?

1982 ஓணத்தின்போது இத்தீவில் விஷச் சாராயம் குடித்து 70-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்ணிழந்தவர்களும் பலர். குடித்தது லைசென்ஸ் கடைச் சரக்கு. டாக்டர் வயிற்றைக் கழுவலாம். லைசென்சை ரத்து செய்ய சர்க்காரால்தான் முடியும். கேரளத்தில் சாராயம் அடியோடு தடை செய்யப்பட்டது 1996 ஏப்ரல் 1-ந் தேதி. அப்போது குட்டப்பன் ஞாறக்கல் உறுப்பினர் அல்ல, அந்தப் பெருமை அவருக்குச் சேராது.

பாலத்தின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். தீவு மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 1994-ல் கோஸ்ரீ தீவுகள் வளர்ச்சி ஆணையம் அமைந்தது. காயலைத் தூர்த்த நிலத்தை விற்ற பணத்தில், போல்காட்டி, வல்லார்பாடம் வழியாக மூன்று பாலங்கள் 2004-ல் திறக்கப்பட்டன. அப்போது உறுப்பினராக இருந்தவர் டாக்டர். ஆனால் பாலத்தைக் கொண்டு வந்தது ஸ்டெதஸ்கோப் அல்ல, தெருவில் இறங்கிய ஜனங்கள்.

குட்டப்பன் 2023 ஜூலையில் காலமானார். ஞாறக்கல் தொகுதி 2006-லேயே மார்க்சிஸ்ட் வசம் போயிற்று. 2011 முதல் அது வைப்பின் என்ற பெயரில் பொதுத் தொகுதி.

பாலம் திறந்த பிறகும் வைப்பின் தனியார் பஸ்கள் பல ஆண்டுகள் ஹைகோர்ட் சந்திப்போடு நிறுத்தப்பட்டன. நகருக்குள் நுழைய பெர்மிட் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளி அங்கே இறங்கி, கையில் சீட்டோடு அடுத்த பஸ்சுக்குக் காத்து நின்றார்.