திண்ணை வீட்டைத் தாளில் பிடிப்போமா?

1900-ல் திறந்த சென்னை மூர் மார்க்கெட், 1985-ல் தீக்கிரையானது. அந்தச் சிவப்புக் கட்டடம் எப்படி இருந்ததென்று பேரப்பிள்ளைகள் கேட்டால், படத்தைத்தான் காட்ட வேண்டும். போட்டோ இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், உட்கார்ந்து வரைந்தவருக்குத் தெரியும், எந்தத் தூண் சாய்ந்திருந்ததென்று!

"கட்டடம்னா கோடு நேரா வரணுமே, நமக்கு வராதும்மா" என்று ஒதுங்காதீர்கள், சகோதரிகளே. ஸ்கேல் வீட்டிலேயே இருக்கட்டும். பழஞ்சுவருக்குக் கை நடுங்கின கோடுதான் பொருத்தம்.

மையில்தான் சூட்சுமம். பள்ளிக்கூடப் பேனா மை, தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடிவிடும். கறுப்பு இந்தியன் இங்க் வாங்கி, தொட்டெழுதும் நிப்பால் வரையுங்கள். (பேனாவில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும்.) கோடு நன்றாகக் காய்ந்த பிறகே வாட்டர் கலர். முதலில் வெளிர் நிறம். அது உலர்ந்ததும் நிழல். அவசரப்பட்டால் சேறுதான். வெயில் விழும் சுவருக்கு வண்ணமே வேண்டாம், வெள்ளைத் தாளை அப்படியே விடுங்கள். செங்கல்லும் நாலைந்து போதும்.

உங்கள் தெருத் திண்ணை வீட்டைச் சுற்றித் தகரம் அடிக்கிறார்களா? இந்த ஞாயிறே, காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். நிழல் சாய்வாக விழும்.