மலிவு ரவுட்டரும் பூட்டிக் கிடந்த கணக்கும்

நம்ம நண்பர் ஒருத்தருக்குத் திருப்பூர்ல ஆபீஸ், அவிநாசியில குடோன். குடோன்ல உட்கார்ந்துக்கிட்டே ஆபீஸ் டேலியைப் பார்க்கணும், அவ்வளவுதான் தேவை. நெட்வொர்க் போட வந்தவர், "விபிஎன் எல்லாம் தண்டச்செலவுங்க"ன்னு சொல்லிட்டு, ரவுட்டர்ல 3389 போர்ட்டைத் திறந்து விட்டுட்டுப் போயிட்டார். செலவு பூஜ்யம். ரெண்டு வருஷம் ஜோரா ஓடிச்சு.

ஒரு திங்கக்கிழமை காலைல பார்த்தா எல்லா ஃபைலும் பூட்டிக் கிடக்கு. திரையில பணம் கேட்டு ஒரு ஓலை. பேக்கப்? அதே கம்ப்யூட்டர்ல டி டிரைவ்ல இருந்துச்சு, அதுவும் காலி. ரெண்டு பேர் உட்கார்ந்து பில் கட்டைப் பிரிச்சு அஞ்சு மாசக் கணக்கை மறுபடி அடிச்சாங்க.

இதுக்குப் பேர்தான் மலிவா?

"நம்மள மாதிரி சின்னக் கம்பெனியை எவன் சார் பார்க்கப்போறான்"னு கேக்கிறவங்களுக்கு: எவனும் பார்க்கல. திறந்த போர்ட்டைத் தேடி ராப்பகலா புரோகிராம்தான் ஓடுது. அதுக்குச் சின்னது பெருசு தெரியாது. "போர்ட் நம்பரை மாத்திட்டேனே"ங்கிறது, வாசக்கதவைத் திறந்து போட்டுட்டு கதவு நம்பரை மட்டும் அழிச்ச கதை.

இன்னொரு கோஷ்டி இருக்கு. அஞ்சு பேர் வேலை பார்க்கிற இடத்துக்கு, வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டுற ஃபயர்வால் பொட்டியைத் தலையில கட்டுற கோஷ்டி. அவங்க சொல்ற விலையைக் கேட்டுப் பயந்துதான் நம்ம ஆளு ஓசிப் போர்ட்டுக்குப் போறான். ரெண்டு பேருக்கும் நடுவுல சில ஆயிரத்துல முடியுற வழி இருக்கு. மைக்ரோடிக் ஹெக்ஸ், டிபி-லிங்க் இஆர்605 மாதிரிப் பொட்டிகள். ஆனா விலையை மட்டும் பார்த்து வாங்காதீங்க. என்ன கேக்கணும்?

முதல் கேள்வி, ஃபர்ம்வேர் இன்னும் எத்தனை வருஷம் வரும்? 2022ல சிஸ்கோவோட ஆர்வி110டபிள்யு, ஆர்வி130, ஆர்வி215டபிள்யு ரவுட்டர்கள்ல பெரிய ஓட்டை தெரிய வந்தது. ஆயுசு முடிஞ்ச மாடல், சரி பண்ண மாட்டோம், புதுசு வாங்கிக்கோங்கன்னுட்டாங்க. பழைய மாடல் பாதி விலைக்குக் கிடைக்குதுன்னா காரணம் இதுதான்.

ரெண்டாவது, எந்த விபிஎன்? பிபிடிபின்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. அதோட பூட்டை ஒரே நாள்ல உடைக்கலாம்னு 2012லயே டெஃப்கான் மாநாட்டுல காட்டிட்டாங்க. ஐபிசெக் அல்லது வயர்கார்டு கேளுங்க.

மூணாவது, அட்டைப்பெட்டியில போட்டிருக்கிற கிகாபிட் வேகம் விபிஎன் வேகம் இல்ல. அது தனியா, ரொம்பக் குறைவா இருக்கும். அதைக் கேளுங்க.

பொட்டி வாங்கின பிறகு உதைக்கிற இடங்களும் உண்டு. ஒரு பக்கமாவது பப்ளிக் ஐபி வேணும். ரவுட்டரோட வான் ஐபி 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தா உங்களுக்கு அது இல்லைன்னு அர்த்தம், இணைப்பு குடுத்தவர்கிட்ட ஸ்டாடிக் ஐபி கேட்டு வாங்குங்க. ரெண்டு ஆபீஸும் 192.168.1 வரிசையிலயே இருந்தா டனல் நின்னாலும் எதுவும் பேசாது, ஒரு பக்கம் மாத்துங்க. டேலி ஃபோல்டரை விபிஎன் வழியா நேரா திறந்தா ஆமை வேகம்தான். டனலுக்குள்ள ரிமோட் டெஸ்க்டாப் போங்க. அதே 3389தான், ஆனா தெருவுக்குத் தெரியாது.

கடைசியா ஒண்ணு. மைக்ரோடிக்லயும் 2018ல வின்பாக்ஸ் ஓட்டை வந்தது. ஏப்ரல்லயே சரி பண்ணிக் குடுத்துட்டாங்க. அப்டேட் போடாதவங்க மாசக்கணக்கா அடி வாங்கினாங்க. மாசம் ஒரு தடவை அப்டேட் பார்க்க ஆள் இல்லைன்னா, எந்த ரவுட்டரும் மலிவு கிடையாது.

டிஸ்கி: பேக்கப்பை வேற ஹார்ட் டிஸ்க்ல எடுத்து, கழட்டி பீரோவுல வைங்க சாமி. அதுக்கு ரவுட்டரே தேவையில்ல!