நாசி கண்டார் மட்டுமா குற்றவாளி?

"இதயம் செயலிழக்க நாசி கண்டாரும் இனிப்பு நீரும் போதும், ஈயம், காட்மியம் எல்லாம் பாயான் லெப்பாஸ் ஆலைக்காரர் கவலை" என்கிறார்கள். முதல் பாதியோடு எனக்குச் சண்டையில்லை.

காட்மியத்தைத் தேடி ஆலைக்குப் போக வேண்டாம். சிகரெட் புகையிலேயே இருக்கிறது. கடைச் சாயங்களில் ஈயம் இருப்பதைச் சோதித்துக் காட்டியது நம் பினாங்கு பயனீட்டாளர் சங்கம்தானே? உள்ளே போன ஈயம் எலும்பில் பல்லாண்டு தங்கி, மெல்ல இரத்தத்தில் கசிந்து, அழுத்தத்தை ஏற்றும். இதயச் செயலிழப்புக்கு உயர் இரத்த அழுத்தமே தலைவாசல்.

உலோகம் இதயத்தசையை நேரடியாகவும் தாக்கும். 1965-66இல் கனடாவின் கியூபெக்கில், நுரை நிலைக்க பீரில் கோபால்ட் சேர்த்தார்கள். குடித்தவர்கள் பலருக்கு இதயம் வீங்கித் தளர்ந்தது, சிலர் இறந்தார்கள். மொடாக்குடியர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோபால்ட்டை நிறுத்தியதும் புதிய நோயாளிகள் வருவது நின்றது, குடி நிற்கவில்லை!

ஈயம், காட்மியம், ஆர்செனிக் மூன்றையும் இதயநோய் அபாயக் காரணிகளாக அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் எடுத்துரைத்தது. அதற்காக, 'உலோகத்தை வடித்தெடுக்கிறோம்' என்று ஊசி போடுபவரிடம் ஓடாதீர்கள். இனிப்பு நீரோடு மாரடைப்பும் கண்டவர்களிடம் நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், அந்தச் சிகிச்சையால் இரத்தத்தில் ஈயம் வெகுவாகக் குறைந்தது. மாரடைப்பும் மரணமும் குறையவில்லை.