"நார்மல்" என்று வந்துவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என் அறுவையைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. "கொலஸ்ட்ரால் என்பதே மருந்துக் கம்பெனிகள் கட்டிய கதை. செக்கு எண்ணெய்க்கு மாறுங்கள், மாத்திரையைக் குப்பையில் போடுங்கள்." கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். கைகூப்பியவர்களில் மூன்று பேருக்கு ஸ்டென்ட் வைத்திருப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

சொந்தக் காரணமும் உண்டு. என் தங்கை கணவர் திண்டிவனத்தில் மல்லாட்டை வியாபாரம் செய்தவர். 51 வயதில் முதல் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு வருடம் ஒழுங்காக மாத்திரை போட்டார். ஒருநாள் ரிப்போர்ட்டோடு விழுப்புரத்துக்கு என் வீட்டுக்கு வந்தார். மொத்தக் கொலஸ்ட்ரால் 155, எல்.டி.எல். 86, எச்.டி.எல். 41, டிரைகிளிசரைடு 140. "எல்லாம் நார்மல் மச்சான், இனிமே எதுக்கு மாத்திரை?" என்றார். கணக்கு வாத்தியாரான நானும் தாளைப் பார்த்துவிட்டு, "மருந்து குறையக் குறைய நல்லதுதானே மாப்பிள்ளை" என்றேன். பதினோராவது மாதம் அவரைத் தூக்கினோம்.

மாத்திரை போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்று நான் சொன்னதில் இரண்டு தப்பு இருந்தது என்று இன்று அடித்துச் சொல்வேன்.

முதல் தப்பு: அந்த எண்கள் இறங்கியதே மாத்திரையால்தான். கிணறு தூர்வாரும்போது மோட்டார் போட்டு இறைக்கிறோம், தண்ணீர் அடியில் நிற்கிறது. தண்ணீர்தான் இறங்கிவிட்டதே என்று மோட்டாரை நிறுத்தினால் ஊற்று நின்றுவிடுமா? ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு நம் கல்லீரல் தயாரிப்பது. ஊற்று அங்கே இருக்கிறது.

இரண்டாவது தப்பு: லேப் தாளில் அச்சடித்த "நார்மல்" எல்லோருக்கும் ஒன்றுதான், இதயம் அப்படி இல்லை. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். ஆபத்து குறைந்தவருக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழே இருந்தால் போதும். ஏற்கனவே அட்டாக் வந்தவருக்கு 55-க்குக் கீழே போக வேண்டும். அந்தக் கணக்குப்படி மாப்பிள்ளையின் 86 பாஸ் மார்க்கே இல்லை. நான் அதற்கு டிக் போட்டேன்.

மொத்தக் கொலஸ்ட்ரால் மட்டும் பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மொத்த மதிப்பெண் நன்றாக இருந்தாலும் பாடவாரியாகப் பார்த்தால்தானே எதில் ஃபெயில் என்று தெரியும்? தமிழ்நாட்டையும் சேர்த்து நான்கு இடங்களில் நடந்த ஐ.சி.எம்.ஆர். – இண்டியாப் ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தவர்கள் 13.9 சதவீதம்தான். ஆனால் நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைவாக இருந்தவர்கள் 72.3 சதவீதம்! ஏதோ ஒரு கொழுப்பு அளவாவது சரியில்லாதவர்கள் 79 சதவீதம்.

செக்கு எண்ணெய்க்கு வருவோம். டி.எம்.வி. ரக மல்லாட்டையை நாட்டுக்குக் கொடுத்த திண்டிவனத்துக்காரர்களிடமே எண்ணெய்க் கதையா? எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் என்றைக்குமே இருந்ததில்லை. செக்கு எண்ணெய் தாராளமாகச் சாப்பிடுங்கள், அளவோடு. அது மாத்திரைக்கு மாற்று ஆகாது.

"கம்பெனிக்காரன் பேச்சு" என்பீர்கள். விலையைக் கேள்வி கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் எண்ணுக்குப் பதில் சொல்லுங்கள். 1994-இல் வெளியான, வட ஐரோப்பாவில் 4,444 இதய நோயாளிகளிடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஆய்வு இது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 2,223 பேரில் 256 பேர் இறந்தார்கள். ஸ்டாடின் சாப்பிட்ட 2,221 பேரில் 182 பேர். இடையில் இருக்கும் 74 பேரும் யாரோ ஒரு வீட்டின் மாப்பிள்ளைகள்.

பக்கவிளைவு உண்டா? உண்டு. சிலருக்குத் தசைவலி வரும், சிலருக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறும். அதை டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார். நீங்களாக நிறுத்துவதற்கு அது காரணம் இல்லை. நம் அரசு 2023-இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில், நெஞ்சுவலி என்று வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் 8 அட்டோர்வாஸ்டாடின். நீங்கள் குப்பையில் போடச் சொல்லும் அதே மாத்திரைதான்!

வெறும் வயிற்றோடு முதல் பஸ் பிடிக்க முடியவில்லை என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களே, முதல் பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை என்கிறது அதே வழிகாட்டுதல். 18 வயதிலேயே ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. உங்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

கடைசியாக வீட்டுப்பாடம். உங்கள் பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், "நார்மலா?" என்று கேட்காதீர்கள். "எனக்கு எவ்வளவு இருக்கணும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை மாப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காத வாத்தியார் நான். உங்களுக்காவது சொல்லிவிட்டேன்.

அந்த ஃபார்வர்டைப் போட்ட தம்பி, கோபித்துக்கொள்ளாதே. அதை அழித்துவிடு. நீயும் மாத்திரை போடுகிறாயா என்று எனக்கு ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்
விழுப்புரம்