கல்லும் அயலார்க்கே உரியதோ?



சென்னைச் சைதாப்பேட்டையில் ஒரு கல் உண்டு. கோசா பெத்ரூசு உசுக்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் 1726 ஆம் ஆண்டில் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அடையாற்றின் குறுக்கே ஒரு பாலம் கட்டினார். அச்செயலைப் பொறித்து நட்ட கல் அது. அதில் பாரசீகம் உண்டு, ஆர்மீனியம் உண்டு, இலத்தீனும் உண்டு. தமிழில் ஓர் எழுத்தும் இல்லை! ஆற்றின் இருகரையிலும் வாழ்ந்தவன் எவன்? அப்பாலத்தின்மேல் நாளும் நடந்தவன் எவன்? மாம்பலம் என்னும் அழகிய பெயர் வெள்ளையர் வாயில் 'மர்மலாங்கு' எனச் சிதைந்து, அதுவே பாலத்தின் பெயராகவும் நின்றது என்பர்.

உசுக்கானை நாம் பழிக்கவில்லை. பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்த ஈகையாளர் அவர். தம் தாய்மொழியைத் தாம் வந்தேறிய மண்ணிலும் கல்லேற்றி வைக்கவேண்டும் என்னும் உணர்வு அவர்க்கு இருந்தது. அவ்வுணர்வு நமக்கன்றோ இல்லாமற் போயிற்று!

மயிலாப்பூருக்குச் செல்லுங்கள். பிரகாசமாதா கோவிலில் 1516 எனப் பொறித்த போர்த்துகீசியக் கல்லைக் காண்பீர்கள். சாந்தோமிலோ பழந்தமிழ்க் கல்வெட்டுகள் துண்டுதுண்டாய்க் கிடைத்தன. வந்தவன் கல் முழுமையாய் நிற்க, இருந்தவன் கல் துண்டாய்க் கிடைப்பானேன் என்று எத்தனை தமிழர் எண்ணிப் பார்த்தனர்? நடுகல்லுக்குக் காட்சி முதல் வாழ்த்தல் ஈறாக ஆறு நிலை வகுத்துரைத்தது தொல்காப்பியம். தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006 இல் கிடைத்த நடுகற்கள் ஈராயிரம் ஆண்டுக்கும் முற்பட்ட தமிழெழுத்தைத் தாங்கியுள்ளன. ஆநிரை மீட்டு மாண்ட ஊர் மறவனுக்கே கல்லெடுத்த இனம் இது!

சரி, இன்று பெயரேனும் வைக்கிறோமே என்பீர்கள். வைத்த பெயர் என்னாயிற்று? 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியை வடித்து நயன்மைக் கட்சி ஆட்சி ஒரு நகரை அமைத்தது. பிட்டி தியாகராயர் நினைவாக அது தியாகராயநகர் ஆயிற்று. நம்மவர் அதை ஆங்கில எழுத்தொன்றாய்ச் சுருக்கி 'டி.நகர்' ஆக்கினர். சவுந்தரபாண்டியனார் அங்காடியோ 'பாண்டிபசார்' ஆயிற்று. புதுச்சேரிக்கும் அதற்கும் ஏதோ தொடர்பு என்றே பலர் நினைக்கின்றனர். 1929 இல் செங்கற்பட்டில் கூடிய முதல் தன்மான மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். துணி வாங்கத் திரளும் கூட்டத்தில் இதனை அறிந்தார் எத்தனை பேர்? ஏரியையும் தூர்த்தோம், பெயரையும் தூர்த்தோம்.

உசுக்கானின் பழம்பாலம் போய், அவ்விடத்தில் எழுந்த புதுப்பாலம் மறைமலையடிகள் பெயரைத் தாங்குகிறது. கீழே, அடையாற்றில், திரு.வி.க. பாலம். ஒரே ஆற்றின்மேல் இரு தமிழ்ப் பெரியார்! மகிழ்ச்சியே. ஆனால் பெயர்ப்பலகை வேறு, நினைவுக்கல் வேறு. அடிகள் 1916 இல் தனித்தமிழ் இயக்கம் கண்டதையும், வேதாசலம் என்னும் தம் பெயரையே தமிழாக்கிக் கொண்டதையும் நான்கு வரியில் சொல்லும் கல் வேண்டும். இலண்டனில் சான்றோர் வாழ்ந்த வீட்டுச் சுவரில் வட்டப்பலகை பதிக்கும் திட்டம் 1866 இலேயே தொடங்கிவிட்டது.

இனிச் சொல்லப்போவது நெஞ்சைச் சுடும் செய்தி. உ.வே. சாமிநாதர் 1903 இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தபின் திருவல்லிக்கேணியை வாழிடமாகக் கொண்டார். பரிபாடல் 1918 இலும் குறுந்தொகை 1937 இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. அவர் நடை வடசொல் கலந்தது. நம் நெறியினர் அல்லர். அதனாலென்ன? கறையான் வாயினின்று அவர் பறித்துத் தந்த ஏடுகள் இல்லையெனில் நாம் எதைக் காட்டித் தமிழின் தொன்மை பேசுவோம்? அவர் வாழ்ந்த 'தியாகராச விலாசம்' 2012 இல் இடித்துத் தள்ளப்பட்டது. தமிழ்நாட்டு மரபுடைமை ஆணையச் சட்டம் இயற்றப்பெற்றதும் அதே 2012 இல்தான்! சட்டம் ஏட்டில் எழுந்தது. ஏடு காத்தவர் வீடு மண்ணில் விழுந்தது. அச்சட்டமும் பல்லாண்டு நடைமுறைக்கு வாராமலே கிடந்தது. தமிழை மேடையில் விற்றுப் பதவி வாங்கியோர், எக்கட்சியினராயினும், அன்று எங்கே போயிருந்தனர்?

அவர் ஏடுகளுக்கு அடையாற்றை அடுத்த பெசண்ட் நகரில் நூலகம் உண்டு. சொந்த ஊரான உத்தமதானபுரத்தில் நினைவில்லம் உண்டு. உழைத்த இடத்தில் வீடு இல்லை.

வீட்டை மீட்க இயலாது. கல் நட இயலும். தெருமுனையில் ஒரு முழ உயரக் கல்லுக்கு மாநகராட்சியிடம் பணமில்லை என்று சொல்வாராயின் நாமே தண்டுவோம். ஒவ்வொரு வட்டத்துத் தோழரும் தத்தம் மாமன்ற உறுப்பினர்க்கு எழுத்தாலேயே விண்ணப்பம் தருக, வாய்ச்சொல் வேண்டா. தியாகராயநகரில் தியாகராயர்க்கும் சவுந்தரபாண்டியனார்க்கும், சைதையில் உசுக்கான் கல்லருகே மறைமலையடிகட்கும், திருவல்லிக்கேணியில் சாமிநாதர்க்கும் கல் கேளுங்கள். பிறமொழி கீழே சிறிதாய் இருக்கட்டும். தமிழ் மேலே, பெரிதாய்.

திருவல்லிக்கேணிக் கல்லில் பொறிக்கவேண்டிய வரிகளையும் இங்கேயே எழுதித் தருகிறோம்: "தமிழேடுகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்த உ.வே. சாமிநாதர் வாழ்ந்த வீடு இங்கிருந்தது. 2012 இல் தமிழர் ஆட்சியில், தமிழர் கண்ணெதிரே இடிக்கப்பட்டது."