902 வாக்கு பின்னால் நிற்பவர் திரும்ப எண்ணச் சொல்லலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள்.

சொற்ப வாக்குகளால் பின்னால் நிற்கும் ஒரு வேட்பாளர் "திரும்ப எண்ணுங்க" என்று கேட்டால் எங்கட ஊர்களில் இரண்டு பேச்சுதான் வரும். ஒன்று, "தோல்விய ஏற்கத் தெரியாத ஆள்". மற்றது, "களவு நடந்திருக்கு, விடக் கூடாது". அவர் மோதியது எதிர்க்கட்சியோடு இல்லாமல் சொந்தக் கட்சிக்காரரோடு என்றால் "கட்சிய உடைக்கிறான்" என்ற பட்டமும் சேர்ந்துகொள்ளும். மூன்றுமே பிழை என்பது எங்கள் அபிப்பிராயம்.

இதைப் பேச அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தை எடுத்துக்கொள்கிறோம். 2022 மே 17 அங்கு செனட் ஆசனத்துக்குக் குடியரசுக் கட்சி சார்பில் யார் என்பதைத் தீர்மானிக்க முதனிலைத் தேர்தல் நடந்தது. பிரதான தேர்தல் நவம்பரில். அதற்கு முன்னர் கட்சியில் பதிந்த வாக்காளர்களே வாக்களித்து வேட்பாளரைத் தெரிவுசெய்வார்கள். (எங்கட நாட்டில் அந்த வேலை தலைவர் வீட்டு விறாந்தையிலேயே முடிந்துவிடும்.)

முன்னால் நின்றவர் தொலைக்காட்சிப் புகழ் டொக்டர் மெஹ்மெட் ஒஸ், துருக்கிய வம்சாவளி முஸ்லிம். இரண்டாவது டேவிட் மெக்கோர்மிக், முன்னாள் இராணுவ வீரர், பெரிய முதலீட்டு நிறுவனமொன்றை நடத்தியவர். சுமார் 13 இலட்சம் வாக்குகளில் இருவருக்கும் இடையில் 902 வாக்கு வித்தியாசம். நூற்றுக்கு ஒன்று கூட இல்லை, ஆயிரத்துக்கு ஒன்று கூட இல்லை.

அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்று செனட்டுக்கு நிறுத்தும் முதல் முஸ்லிம் என்ற பெயர் ஒஸ்ஸுக்குக் கிடைக்க இருந்த நேரம் அது. "எங்கட ஆள் வெல்லப் போறார், மற்றவன் ஏன் இழுத்தடிக்கிறான்" என்று நம்மில் சிலருக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் ஆட்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். 902 வாக்கு பின்னால் நின்றது ஒஸ் என்றால் நாம் என்ன சொல்லியிருப்போம்? "எண்ணாம விடாதீங்க டொக்டர்" என்றுதானே? ஆளைப் பார்த்து மாறுகிற அளவுகோலை யாரும் அளவுகோல் என்று சொல்ல மாட்டார்கள்.

பென்சில்வேனியாவின் சட்டம் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வித்தியாசம் அரை வீதமோ அதற்குக் குறைவோ என்றால் மீள் எண்ணிக்கை தானாகவே நடக்கும். வேண்டாம் என்றால் பின்னால் நிற்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதாவது கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, எவர் காலிலும் விழ வேண்டியதில்லை. மெக்கோர்மிக் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவில்லை. எங்களைக் கேட்டால் அது சரியே.

உயர்தரப் பெறுபேறு வந்ததும் மீள்பரிசீலனைக்குப் போடலாமா என்று கேட்டு வருகிற பெற்றோரை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். எல்லைக்கோட்டில் நிற்கிற பிள்ளை என்றால் "போடுங்க" என்கிறோம். மூன்று பாடமும் சித்தியில்லாத பிள்ளை என்றால், காசை வீணாக்காமல் அடுத்த தடவைக்குப் படிக்கச் சொல்கிறோம். ஆனால் மீள்பரிசீலனைக்குப் போட்ட பிள்ளையை யாரும் திமிர் பிடித்தது என்று சொல்வதில்லை. விடைத்தாள் திருத்திய ஆசிரியரைக் கள்ளன் என்று அந்தப் பிள்ளை சொல்வதும் இல்லை. வாக்கு விடயத்தில் மட்டும் ஏன் இந்த நிதானம் காணாமல் போகிறது?

தேர்தல் கடமைக்குப் போன ஆசிரியர்களுக்கு இது தெரியும். எண்ணுகிற மேசையில் இருப்பது நாங்கள்தான், பெரும்பாலும் அரச ஊழியரும் ஆசிரியருமான சாதாரண மனிதர்கள். முதல் நாள் தொடக்கம் சரியான தூக்கமில்லை. சீட்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு கட்டு பக்கத்துக் கட்டோடு கலக்கும். விடியப்புறம் படிவத்தில் எழுதும்போது 6 என்பது 0 மாதிரித் தெரியும். இந்தப் புள்ளடி செல்லுமா செல்லாதா என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். இவை களவு இல்லை, களைப்பு. திரும்ப எண்ணுவது இதைத் திருத்தத்தான். "கள்ள வாக்கு, கள்ள எண்ணிக்கை" என்று முகநூலில் எழுதுகிறவர் யாருடைய முகத்தில் சேறு பூசுகிறார் என்று ஒருமுறை யோசித்தால் நல்லது. அடுத்த நாள் காலையில் அவருடைய பிள்ளைக்குப் படிப்பிக்க வருவதும் அதே ஆள்தான்.

திரும்ப எண்ணினால் முடிவு மாறுமா? மிக அரிது. ஃபெயர்வோட் என்ற அமெரிக்க அமைப்பின் கணக்குப்படி 2000 தொடக்கம் 2023 வரை மாநில மட்டப் பொதுத் தேர்தல்களில் 36 மீள் எண்ணிக்கைகள் நடந்து, மூன்றில் மட்டுமே வென்றவர் மாறியிருக்கிறார். ஆனால் அந்த மூன்றும் சாதாரணமானவை இல்லை. 2004இல் வொஷிங்டன் மாநில ஆளுநர் தேர்தலில் டினோ ரொசி முதலில் 261 வாக்கு முன்னால் நின்றார். இயந்திரத்தால் மீள எண்ணியபோது அது 42 ஆகக் குறைந்தது. பின்னர் கையால் எண்ணினார்கள். கிறிஸ்டின் கிரெகொயர் 129 வாக்கால் வென்றார். கையால் எண்ணும் செலவுக்குக் கிரெகொயரின் கட்சி 7 இலட்சம் டொலருக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. முடிவு மாறினால் காசு திரும்பக் கிடைக்கும், மாறாவிட்டால் போனதுதான். இந்த ஏற்பாடும் நியாயமாகவே படுகிறது. வாய்க்கு வந்தபடி கேட்கிறவருக்கு இது கடிவாளம்.

2008இல் மினசோட்டாவில் நோர்ம் கோல்மன் 215 வாக்கு முன்னால் நின்றார். மீள எண்ணி, பிழையாக நிராகரிக்கப்பட்டிருந்த தபால் வாக்குகளையும் திறந்து எண்ணியபோது அல் பிராங்கன் முன்னுக்கு வந்தார். வழக்குகள் முடிகையில் வித்தியாசம் 312. ஆனால் பிராங்கன் பதவியேற்றது 2009 ஜூலையில். தேர்தல் நடந்து எட்டு மாதம். அந்த மாநில மக்களுக்கு அரை வருடம் ஒரேயொரு செனட்டர்தான் இருந்தார். திரும்ப எண்ணுவதற்கு விலை இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை.

இப்போது மெக்கோர்மிக்கிடம் எங்களுக்குள்ள முறைப்பாட்டுக்கு வருவோம்.

அங்கே தபால் வாக்குச் சீட்டின் வெளி உறையில் வாக்காளர் கையொப்பமிட்டுத் திகதி எழுத வேண்டும். சிலர் திகதி எழுத மறந்துவிடுவார்கள். சீட்டு நேரத்துக்கு வந்திருக்கும், ஆளும் சரியான ஆள்தான், திகதி மட்டும் இல்லை. 2022இல் அந்த வாக்குகளையும் எண்ண வேண்டும் என்று மெக்கோர்மிக் நீதிமன்றம் போனார். ஒஸ் எதிர்த்தார். 2024இல் மெக்கோர்மிக் மீண்டும் செனட்டுக்குப் போட்டியிட்டார், இந்தத் தடவை பொதுத் தேர்தலில், பொப் கேசியோடு. அதிலும் வித்தியாசம் அரை வீதத்துக்குக் குறைவு. ஆனால் இப்போது முன்னால் நிற்பது மெக்கோர்மிக். அதே திகதியில்லா உறைகளை எண்ணக் கூடாது என்று அவருடைய தரப்பு வாதாடியது. எண்ண முயன்ற சில கவுண்டிகளை மாநில உயர் நீதிமன்றம் தடுத்தது.

சட்டத்தரணிகள் இதற்குப் பத்து விளக்கம் சொல்வார்கள். திகதி எழுத மறந்த ஒரு வயோதிபத் தாய்க்கு என்ன விளக்கம் சொல்வது? அவருடைய வாக்கு அவருடைய அமானிதம். வேட்பாளர் முன்னால் நிற்கிறாரா பின்னால் நிற்கிறாரா என்பதைப் பொறுத்து அது செல்லுபடியாகவும் செல்லாததாகவும் மாறுமா? மீள எண்ணக் கேட்பது உரிமை. எந்தச் சீட்டுச் செல்லும் என்ற விதியைத் தன் வசதிக்குத் திருப்புவது வேறு விடயம். இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம்.

2022இல் அவர் செய்த இன்னொன்றை மெச்சத்தான் வேண்டும். திரும்ப எண்ணிக்கொண்டிருக்கும்போதே, ஜூன் 3ஆம் திகதி, இடைவெளியை நிரப்ப முடியாது என்று கண்டு ஒஸ்ஸின் வெற்றியை ஏற்றுக்கொண்டார். இறுதியில் வித்தியாசம் 951 ஆகக் கூடித்தான் இருந்தது. மே 17 தொடக்கம் ஜூன் 3 வரை பதினேழு நாட்கள். கட்சி உடைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் அந்த நாட்களை எண்ணிப் பார்க்கட்டும், நவம்பருக்கு ஐந்து மாதம் மிச்சமிருந்தது. ஒஸ் நவம்பரில் ஜோன் ஃபெட்டர்மனிடம் ஏறக்குறைய 5 வீதத்தால் தோற்றார். அந்தத் தோல்வியை இந்தப் பதினேழு நாட்களின் தலையில் கட்ட முடியாது.

எங்கள் பார்வையில் அந்தத் தேர்தலில் கூடுதலாகக் கெடுத்தது இன்னொரு விடயம். எண்ணி முடிவதற்குள்ளேயே வெற்றியை அறிவித்துவிடு என்று ட்ரம்ப் ஒஸ்ஸுக்குப் பகிரங்கமாகச் சொன்னார். பின்னால் நிற்பவர் பொறுமையாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் உபதேசிக்கிறோம். முன்னால் நிற்பவருக்கும் பொறுமை வேண்டும் என்று யார் சொல்வது? பட்டாசு கொளுத்தி ஊர்வலம் போன பிறகு எண்ணிக்கை மாறினால் அந்தக் கூட்டத்தை யாரால் வீட்டுக்கு அனுப்ப முடியும்?

எங்கட நாட்டில் முதனிலைத் தேர்தல் இல்லாவிட்டாலும் விருப்பு வாக்கு இருக்கிறது. ஒரே பட்டியல், ஒரே சின்னம், ஒரே கட்சி. சில வேளை ஒரே ஊரின் இரண்டு தெருக்கள். சில நூறு விருப்பு வாக்கில் ஒருவர் பாராளுமன்றம் போக, மற்றவர் வீட்டில் இருப்பார். ஊர் இரண்டாகப் பிளந்து கல்யாண வீட்டுக்குக் கூடப் போகாமல் இருக்கும். அந்த இடத்தில் "ஒற்றுமைக்காக விட்டுக் கொடுங்க" என்று பெரியவர்கள் சொல்வது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் சந்தேகத்தோடு விட்டுக் கொடுத்தவரின் ஆதரவாளர்கள் அடுத்த ஐந்து வருடமும் சந்தேகத்தோடுதான் இருப்பார்கள். ஒரு மணித்தியாலம் கூடுதலாக இருந்து எண்ணினால் தீர்ந்திருக்கக் கூடிய விடயம் அது.

எங்கட சட்டத்தில் எண்ணும் மண்டபத்தில் இருக்கும் வேட்பாளரின் முகவர் மீள எண்ணக் கேட்க இடமிருக்கிறது. அதை முடிவு வெளியாக முன்னரே, அங்கேயே கேட்க வேண்டும். வெளிவந்த பிறகு தேர்தல் மனுவோடு நீதிமன்றம் போவதுதான் வழி. ஆகவே முகவராக யாரை அனுப்புகிறோம் என்பதில் கவனம் வேண்டும். சத்தம் போடத் தெரிந்தவரை அனுப்பாமல், படிவம் வாசிக்கத் தெரிந்த, கூட்டல் தெரிந்த, விடியும்வரை கண் விழித்திருக்கக் கூடிய ஒருவரை அனுப்புங்கள்.